நற்பண்புக்கு அளவுகோல் உண்டா?

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்கு ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி ஒன்று நடைபெற்றது. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் கரும்பலகையில் ‘3 : 1’ என்று பெரிதாக எழுதினார். ஒரு நாளில் நமக்குத் தோன்றும் மகிழ்ச்சி, நன்றி, ஆர்வம் முதலிய நல்ல உணர்ச்சிகளை ஒரு பக்கமும், கவலை, கோபம், துயரம் முதலியவற்றை மறுபக்கமும் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னவை பின்னவற்றைப்போல் மூன்று மடங்கு இருந்தால் வாழ்க்கை செழிக்கும், குறைந்தால் வாடும். இது விஞ்ஞானம் கணக்கிட்டுச் சொன்ன எண் என்றார். மாணவர்கள் ஆர்வத்துடன் எழுதிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து, இரண்டாம் ஆண்டு பௌதிக மாணவி ஒருத்தி ஒரு சிறு குறிப்பேட்டுடன் என்னிடம் வந்தாள். “சார், ஒரு வாரமா எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஒண்ணுக்கு ஒண்ணுகூட வரலை. என்கிட்ட ஏதாவது குறை இருக்கா சார்?” என்று கேட்டாள். அவளுடைய தந்தை அப்போது மருத்துவமனையில் படுத்திருந்தார். காலையில் அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அவள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

“அந்த எண் எங்கிருந்து வந்ததென்று பார்த்துச் சொல்கிறேன் அம்மா” என்றேன். பார்த்தேன். அதன் பயனே இக்கட்டுரை. எண்ணைத் தேடிப் போன இடத்தில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அகப்பட்டது. நல்வாழ்வு என்பது அளந்து அறியும் விஞ்ஞானத்தைச் சேர்ந்ததா? எது நல்லது என்று ஆராயும் அறவியலைச் சேர்ந்ததா? இரண்டுக்கும் உரியது என்றால், எல்லைக்கோடு எங்கே?

நோயிலிருந்து நலத்தை நோக்கி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உளவியல் பெரும்பாலும் மனநோய்களைப் பற்றிய துறையாகவே வளர்ந்தது. மனச்சோர்வு, அச்சம், மனப்பிளவு ஆகியவற்றை வகைப்படுத்தவும் குணப்படுத்தவும் அது பெரிதும் முயன்றது. 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், இது பாதி வேலைதான் என்றார். நோயில்லாதிருப்பது வேறு, நலமாக வாழ்வது வேறு. அந்த நலத்தையும் சோதனை முறையில் ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். 2000-ல் அவரும் மிகாய் சிக்சென்ட்மிகாயியும் சேர்ந்து அச்சங்கத்தின் இதழில் ஒரு சிறப்பு வெளியீட்டைக் கொண்டுவந்தனர். ‘நேர்மறை உளவியல்’ என்னும் துறை இவ்வாறு உருப்பெற்றது.

செலிக்மன் இதற்கு முன்னரே புகழ்பெற்றவர். தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் முயலாமல் படுத்துவிட்டதை 1967-ல் அவரும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்டனர். கையறு நிலையை உயிர்கள் கற்றுக்கொள்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016-ல், அவ்விருவரே மூளை ஆராய்ச்சியின் துணைகொண்டு அம்முடிவைத் திருத்தினார்கள். செயலற்றுப் போவது உடலின் இயல்பான எதிர்வினை; கற்றுக்கொள்ளப்படுவது ‘என்னால் முடியும்’ என்பதே என்றார்கள். தம் புகழுக்குக் காரணமான கொள்கையைத் தாமே திருத்துவது சிறிய காரியமன்று. இத்துறையைக் குறைகூறப் புகுமுன் இதையும் சொல்லிவிடுவது நியாயம்.

2004-ல் கிறிஸ்டபர் பீட்டர்சனும் செலிக்மனும் சேர்ந்து எண்ணூறு பக்க அளவில் ஒரு பெருநூலை வெளியிட்டனர். மனநோய்களை வகைப்படுத்தும் மருத்துவக் கையேட்டுக்கு எதிர்ப்பக்கமாக, மனிதனின் நற்குணங்களை வகைப்படுத்துவது அந்நூலின் நோக்கம். ஏதென்ஸ் தத்துவம், கன்பூசியம், தாவோயிசம், பௌத்தம், இந்து சமயம், யூதம், கிறிஸ்துவம், இஸ்லாம் ஆகியவற்றின் நூல்களை ஒப்பிட்டு, எங்கும் போற்றப்படும் ஆறு நற்பண்புகளை எடுத்தனர். அறிவுடைமை, துணிவு, மனிதநேயம், நீதி, தன்னடக்கம், தன்னைக் கடந்து நிற்றல் என்பன அவை. அவற்றின் கீழ் நேர்மை, அன்பு, விடாமுயற்சி, பணிவு, நன்றியுணர்வு, நகைச்சுவை என 24 குணங்களை வைத்தனர். இவற்றை அறிய 240 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்று விடையளிப்பவரே குறிக்க வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டு முந்திய துறை

நற்பண்பைப் பற்றிய ஆராய்ச்சி 1998-ல் பிறந்ததன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ என்னும் நூலில் இதே கேள்வியை எழுப்பினார். மனிதன் தேடும் இறுதி நன்மை எது? அதற்கு அவர் தந்த பெயர் ‘யுடைமோனியா’. இதை மகிழ்ச்சி என்று பெயர்த்தால் பொருள் குறைந்துவிடும். மனிதனாகப் பிறந்தவன் மனிதனுக்குரிய வகையில் செழித்து வாழ்வது என்று விரித்துச் சொல்வதே பொருந்தும். அது ஓர் உணர்ச்சி அன்று. ஒரு வாழ்நாள் முழுவதும் நடக்கும் செயல்.

அவ்வாறு வாழ நற்பண்புகள் தேவை. அவை பிறவியில் வருவன அல்ல. வீடு கட்டிக் கட்டிக் கொத்தனாராவதுபோல், நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நீதிமானாகிறான். ஒவ்வொரு நற்பண்பும் இரண்டு குறைகளுக்கு நடுவில் நிற்கிறது. கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் நடுவே துணிவு. கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே ஈகை. அந்த நடுவிடம் எது என்று ஒவ்வொரு நிலைமையிலும் கண்டுகொள்ளும் ஆற்றலுக்கு அவர் ‘பிரொனேசிஸ்’ என்று பெயரிட்டார். நம் மொழியில் விவேகம் எனலாம்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அறவியலார் பெரும்பாலும் கடமையையும் விளைவையும் பற்றியே பேசினர். 1958-ல் எலிசபெத் ஆன்ஸ்கம் எழுதிய ஒரு கட்டுரையும், 1981-ல் அலாஸ்டர் மக்கின்டயர் எழுதிய ‘நற்பண்புக்குப் பின்’ என்னும் நூலும் அரிஸ்டாட்டிலின் வழியை மீட்டன. ‘எந்தச் செயல் சரி?’ என்று மட்டும் கேளாமல் ‘எத்தகைய மனிதனாக வாழ வேண்டும்?’ என்று கேட்பதே நற்பண்பு அறவியலின் தனி இயல்பு.

மேலோட்டமாகப் பார்த்தால் இரு துறைகளும் ஒரே வீட்டுக்குப் போகும் இரு பாதைகள்போல் தோன்றும். இரண்டும் குணத்தைப் பற்றிப் பேசுகின்றன. இரண்டும் பயிற்சியை வற்புறுத்துகின்றன. இரண்டுக்கும் குறி செழிப்பான வாழ்வு. ஆயினும் நெருங்கிப் பார்த்தால் மூன்று இடங்களில் பாதை பிரிகிறது.

பட்டியலில் விடுபட்டது

முதலாவது, விவேகத்தின் இடம். 24 குணங்களில் ஒருவரிடம் மேலோங்கி நிற்கும் சிலவற்றைக் கண்டறிந்து, அவற்றை மேலும் மேலும் பயன்படுத்த வேண்டும் என்பது நேர்மறை உளவியலார் தரும் முக்கிய அறிவுரை. இது வெறும் வாய்ச்சொல் அன்று. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், தம் மேலோங்கிய குணங்களைப் புதிய வகைகளில் பயன்படுத்தியவர்களுக்கும், நாள்தோறும் நடந்த மூன்று நல்ல நிகழ்ச்சிகளை எழுதிவைத்தவர்களுக்கும் ஆறு மாதம்வரை மகிழ்ச்சி கூடியிருந்தது. சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. வேறொரு பயிற்சி தரப்பட்ட குழுவுடன் ஒப்பிட்டே இது கணிக்கப்பட்டது.

ஆனால் குணங்கள் தனித்தனியே செயல்படுவதில்லை. ஒரு மாணவன் தேர்வு முடிந்ததும் ஓடிவந்து, “சார், நான் பாஸாவேனா?” என்று கேட்கிறான். அவன் எழுதியிருப்பதைக் கேட்ட எனக்கு ஐயம். நேர்மை ஒன்று சொல்லச் சொல்கிறது. அன்பு வேறொன்றைச் சொல்லச் சொல்கிறது. ‘என்னிடம் மேலோங்கிய குணம் நேர்மை’ என்று வினாத்தாள் காட்டிவிட்டதால், நாளை இன்னொரு தேர்வெழுத வேண்டியவனை நான் இன்றே உடைத்துவிடலாமா? எதை, எப்போது, எந்த அளவு என்பதைப் பட்டியல் சொல்லாது. 2006-ல் பேரி சுவார்ட்சும் கென்னத் ஷார்ப்பும் இதையே எடுத்துக்காட்டினர். விவேகம் இருபத்துநான்கோடு இருபத்தைந்தாவது அன்று. மற்றவற்றை ஆளும் தலைமைக் குணம் என்பது அவர்கள் வாதம்.

பௌதிக மாணவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஒரு விசையின் அளவை மட்டும் சொல்லித் திசையைச் சொல்லாவிட்டால் பொருள் எப்பக்கம் நகரும் என்று கூற முடியாது. துணிவு, விடாமுயற்சி, தன்னடக்கம் ஆகியவற்றின் அளவை வினாத்தாள் காட்டலாம். திருடனுக்கும் இம்மூன்றும் வேண்டும். திசையைத் தருவது விவேகம்.

அளக்கும் முறையிலும் தொல்லை உண்டு. பட்டியலிலுள்ள குணங்களில் ஒன்று பணிவு. பணிவைக் குறிக்கும் வாக்கியங்களுக்கெல்லாம் தமக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொள்பவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? மேலும், வினாத்தாளின் விடைகளைப் புள்ளியியல் முறையில் பிரித்துப் பார்த்த பல ஆய்வுகளில் 24 குணங்களும் நூலாசிரியர்கள் வகுத்த ஆறு தொகுதிகளாகப் பிரியவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என வெவ்வேறு தொகுதிகளே கிடைத்தன. ஆறு என்பது நூல்களை ஒப்பிட்டு அறிஞர்கள் வகுத்த பாகுபாடு. தராசில் கண்ட உண்மையன்று.

2.9013 வந்த கதை

இனி, கரும்பலகையில் எழுதப்பட்ட எண்ணுக்கு வருவோம்.

2005-ல் பார்பரா பிரெடெரிக்சன், மார்சியல் லொசாடா ஆகிய இருவரும் முன் சொன்ன அதே சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நல்ல உணர்ச்சிகளுக்கும் தீய உணர்ச்சிகளுக்கும் உள்ள விகிதம் 2.9013-க்கு மேல் இருந்தால் மனிதர் செழிப்பர் என்பது அதன் முடிவு. 11.6346 என்று ஒரு மேல் எல்லையும் குறிக்கப்பட்டது. உள்ளத்தின் நிலையை நான்கு தசம இடம்வரை திருத்தமாகக் கூறும் கட்டுரை! பரிசோதனைச் சாலையில் மீட்டர் அளவுகோலால் கம்பியின் நீளத்தை அளந்து நான்கு தசமம் எழுதும் மாணவனின் குறிப்பேட்டை நாம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இந்த எண்ணின் வேர் எட்வர்ட் லோரென்ஸ் என்னும் வானிலை அறிஞர் 1963-ல் எழுதிய மூன்று சமன்பாடுகளில் இருக்கிறது. அடியில் சூடேற்றப்பட்ட பாய்மம் எவ்வாறு சுழல்கிறது என்பதை எளிமையாக்கி விவரிக்கும் சமன்பாடுகள் அவை. அவற்றில் மூன்று மாறிலிகள் உண்டு. பாய்மத்தின் பிசுபிசுப்பையும் வெப்பக் கடத்தலையும் ஒப்பிடும் ‘சிக்மா’ ஒன்று. சுழலின் வடிவத்தைக் குறிக்கும் ‘பி’ ஒன்று. சூடேற்றத்தின் அளவைக் குறிக்கும் ‘ஆர்’ ஒன்று. லோரென்ஸ் சிக்மாவை 10 என்றும், பி-யை 8/3 என்றும் வைத்துக்கொண்டார். அப்போது ஆர் 470/19, அதாவது 24.7368 என்னும் அளவைத் தாண்டினால் சீரான சுழற்சி நிலைகுலைந்து ஒழுங்கற்றதாகிறது.

லொசாடா வணிக நிறுவனக் குழுக்களின் உரையாடல்களை ஆராய்ந்தவர். அவற்றை இச்சமன்பாடுகளே விவரிக்கின்றன என்று எடுத்துக்கொண்டார். பிறகு கணக்கு எளிது. 24.7368-லிருந்து 1-ஐக் கழிக்க 23.7368, தொடக்க மதிப்பாக அவர் வைத்த 16-ஐக் கழிக்க 7.7368, 8/3-ஆல் வகுக்க 2.9013. வாசகர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கணக்கில் எந்த மனிதருடைய மகிழ்ச்சியும் துயரமும் எண்ணாக நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஒன்று செய்து பார்ப்போம். சிக்மாவுக்கு 10 என்பது ஒரு பாய்மத்துக்குரிய மதிப்பு. அறை வெப்பநிலையில் நீருக்கு அது ஏறத்தாழ 7. மற்றவற்றை மாற்றாமல் 7-ஐ இட்டால், நிலைகுலையும் அளவு 26.6 ஆகிறது, விகிதம் 3.6 ஆகிறது. எனவே லோரென்ஸ் அன்று சாதாரண நீரின் மதிப்பை எடுத்திருந்தால், மனிதன் செழிக்க மும்மடங்கு போதாது, அதற்கும் மேல் வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்லியிருப்பார்கள்!

இதைக் கண்டு ஐயுற்றவர்களில் ஒருவர் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் ஐம்பது வயதுக்கு மேல் பகுதிநேர முதுகலை மாணவராகச் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த நிக் பிரௌன் என்பவர். அவர் பௌதிக அறிஞர் ஆலன் சோக்கலையும், உளவியலார் ஹாரிஸ் பிரீட்மனையும் துணைக்கு அழைத்தார். மூவரும் எழுதிய மறுப்பை 2013-ல் அதே இதழ் வெளியிட்டது. கணிதப் பகுதி செல்லாது என்று இதழும் திருத்தம் வெளியிட்டு, அந்த எல்லை எண்களைத் திரும்பப் பெற்றது. நல்ல உணர்ச்சிகளின் விகிதம் உயர்வது பொதுவாக நன்மையுடன் இணைந்தே காணப்படுகிறது என்பதில் பிரெடெரிக்சன் உறுதியாக நின்றார். ஆனால் கணிதப் பகுதியைத் தாங்கிப் பேசவில்லை.

திரும்பப் பெற்ற எண் எங்கள் கல்லூரிக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பயிற்சியாளர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கிடைத்ததை நம்பியிருப்பார். ஆனால் இங்கே பழைய அறவியல் நமக்கு உதவியிருக்கும். ‘எந்த உணர்ச்சி எத்தனை?’ என்பது அரிஸ்டாட்டிலின் கேள்வி அன்று. தக்க பொருள்மீது, தக்க காலத்தில், தக்க அளவில் உணர்கிறோமா என்பதே அவர் கேள்வி. அநீதியைக் கண்டும் கோபம் வராதவனை அவர் குறையுள்ளவனாகவே கருதினார்.

அறவியலுக்கும் ஒரு சோதனை

குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. உளவியலும் அறவியலை உரைத்துப் பார்த்திருக்கிறது.

1973-ல் ஜான் டார்லியும் டேனியல் பாட்சனும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. போகும் வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமிக்கொண்டு கிடந்தார். ஆராய்ச்சியாளர்கள் வைத்த ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவிகிதம் பேர் நின்று உதவினர். சற்று அவசரம் என்றவர்களில் 45 சதவிகிதம். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவிகிதம் மட்டுமே. சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போகிறவர்களா, வேறு தலைப்பில் பேசப் போகிறவர்களா என்பதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

நம் நடத்தையைத் தீர்மானிப்பது குணமா, கைக்கடிகாரமா? ஜான் டோரிஸ் போன்ற தத்துவ அறிஞர்கள், நிலையான குணம் என்று அறவியலார் நம்புவதே ஆதாரமற்றது என்று 2002-ல் வாதிட்டனர். இதற்கு நற்பண்பு அறவியலார் தரும் விடையில் நியாயம் உண்டு. உண்மையான நற்பண்பு எல்லோரிடமும் இருப்பதாக அரிஸ்டாட்டில் சொல்லவே இல்லை. அது நீண்ட பயிற்சியில் அரிதாகக் கிடைப்பது. எனினும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவசரம் நம் கண்ணை மறைக்கும் என்று சோதனை காட்டிவிட்ட பிறகு, அதை அறிந்துவைத்திருப்பதும் விவேகத்தின் ஒரு பகுதியாகிறது. அறவியலுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அளவிடும் விஞ்ஞானமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிமை முறையை நியாயப்படுத்தியவர் அரிஸ்டாட்டில். பெண்களின் அறிவுக்கு அதிகாரமில்லை என்றும் எழுதினார். பழைய நூல் என்பதாலேயே அதன் நற்பண்புப் பட்டியலை அப்படியே ஏற்க முடியாது. பல நாட்டு மரபுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பீட்டர்சன், செலிக்மன் இருவரின் உழைப்புக்கு இங்கே மதிப்பு இருக்கிறது.

விவரிப்பதும் விதிப்பதும்

பாதை பிரியும் மூன்றாவது இடமே மிக முக்கியமானது. தம் துறை விவரிக்குமே அன்றி விதிக்காது என்பார் செலிக்மன். மகிழ்ச்சிக்கும் நம்பிக்கைக்கும் என்னென்ன விளைவுகள் என்று விஞ்ஞானம் சொல்லும். அவற்றைத் தேர்வதா வேண்டாமா என்பது உங்கள் பொறுப்பு. 2002-ல் எழுதிய நூலில் அவர் ஒளிக்காமல் ஓர் இடர்ப்பாட்டையும் ஒப்புக்கொள்கிறார். தன் கொடிய நோக்கத்துக்குத் தன் ஆற்றலையெல்லாம் ஈடுபடுத்தும் பயங்கரவாதியின் வாழ்வும் இக்கொள்கையின்படி பொருளுள்ள வாழ்வாக இருக்கக்கூடும். அதைக் கண்டிக்க வேறு அடிப்படை வேண்டும் என்கிறார்.

அந்த ‘வேறு அடிப்படை’யே அறவியல். வெப்பமானி அறையின் வெப்பநிலையைச் சொல்லும். அறை எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லாது. அது குறையன்று. ஆனால் வெப்பமானியின் மேல் ‘நற்பண்பு’ என்று எழுதி ஒட்டினால் குழப்பம் வந்துவிடும். துணிவு, நீதி என்னும் சொற்கள் வெறும் விவரணைகள் அல்ல. ஒருவனை நீதிமான் என்னும்போதே அவனைப் போற்றிவிடுகிறோம். போற்றுதலுக்குரிய சொல்லை எடுத்துக்கொண்டு, போற்றவில்லை, விவரிக்கிறேன் என்பது ஒரு காலை ஓடத்திலும் மறு காலைக் கரையிலும் வைப்பதாகும்.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. 2009-ல் அமெரிக்கத் தரைப்படை, செலிக்மன் குழுவின் உதவியோடு படைவீரர்களுக்கு மனஉறுதிப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. போரில் நொந்தவருக்கு உதவுவது நல்ல காரியமே. ஆனால் வீரனின் தாங்கும் ஆற்றலை வளர்க்கும் இடத்தில், ‘இந்தப் போர் நியாயமானதா?’ என்ற கேள்விக்கு இடம் உண்டா? தொழிற்சாலையானாலும் கல்லூரியானாலும் இதே நிலைமைதான். தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது எளிது. தாங்கத் தகாதது எது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது கடினம். நீதி என்பது வெறும் ஒரு மதிப்பெண்ணாகச் சுருங்கும்போது அக்கேள்வி மெல்ல மறைந்துவிடுகிறது.

ஆகவே என் மதிப்பீடு இது: நேர்மறை உளவியல் நற்பண்பு அறவியலின் வாரிசும் அன்று, அதற்கு மாற்றும் அன்று. நல்ல பழக்கம் எவ்வாறு ஊன்றுகிறது, எந்தச் சூழ்நிலையில் குலைகிறது என்று கண்டறியும் பயனுள்ள துணை. எது நல்ல பழக்கம், யாருக்கு நல்லது என்னும் கேள்விகளை அது அறவியலிடமிருந்து கடன் வாங்குகிறது. கடனை ஒப்புக்கொண்டால் இரண்டும் வளரும். மறைத்தால் கரும்பலகையில் எண்களே மிஞ்சும்.

மாணவிக்கு 2.9013-ஐக் கணக்கிட்டுக் காட்டினேன். 7-ஐ இட்டு 3.6 வருவதை அவளே போட்டுப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினோம். தீய உணர்ச்சிகள் என்று அவள் கோடு போட்டிருந்தவற்றில் பெரும்பாலானவை அப்பாவைப் பற்றிய கவலை. “அப்பா படுத்திருக்கும்போது கவலை வராமல் இருந்தால்தான் அம்மா குறை” என்றேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். “அப்போ இதை எந்தப் பக்கம் சார் எழுதறது?” என்று கேட்டாள்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. இரண்டு பக்கம் மட்டுமே உள்ள குறிப்பேட்டில் அதற்கு இடமில்லை என்று மட்டும் சொன்னேன்.